நட்சத்திரம் போட்ட தேனீ: யாரும் எழுதி வைக்காத ஒரு சொல்லை எப்படிக் கண்டுபிடிக்கறாங்க?

இது எபிசோடோட எழுத்து வடிவம். கேட்க நேரமில்லாம படிக்கறவங்களுக்காக, பேச்சுல வந்த 'அதாவது', 'ஆக்சுவலி' எல்லாத்தையும் வெட்டிட்டேன். வெளிநாட்டுச் சொற்கள் நிறைய வரும். வாய்விட்டுப் படிச்சா ஈஸியா இருக்கும்.

உறையூர்லேர்ந்து ஒரு தம்பி வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தார். "அண்ணா, தேனீக்கு இங்கிலீஷ்ல 'பீ'. நம்ம 'ஈ'க்கு முன்னாடி ஒரு 'ப்' சேர்த்தா 'பீ' வந்துடுது. ரஷ்யன்ல 'ப்ச்செலா'வாம். அது நம்ம 'பூச்சி'தானே? அப்போ இதெல்லாம் தமிழ்லேர்ந்து போனதுன்னு வர்ற ஃபார்வர்ட் உண்மையா?"

கூடவே ஒரு ஆன்லைன் அகராதியோட ஸ்கிரீன்ஷாட். அதுல '*பிச்செலா'ன்னு ஒரு சொல், அது ஆதி ஸ்லாவிய மொழியில தேனீயோட சிறுமைப் பெயர்னு ஒரு குறிப்பு. "முன்னாடி எதுக்கு ஸ்டார்? யாருமே எழுதி வைக்காத சொல்லுன்னு போட்டிருக்கு. எழுதி வைக்காத சொல் அகராதிக்குள்ள எப்படி வந்துச்சு?"

ரெண்டு கேள்வி. ரெண்டாவதுக்குப் பதில் தெரிஞ்சா முதல் கேள்விக்கு நீங்களே பதில் சொல்லிடலாம். அதனால ஸ்டார்லேர்ந்து ஆரம்பிக்கலாம்.

அந்த நட்சத்திரம் என்ன சொல்லுது?

ரஷ்யன், உக்ரைனியன், போலிஷ், செக், செர்பியன், ஸ்லோவேனியன் எல்லாம் ஒரே குடும்பம். இதுக்கெல்லாம் தாயா இருந்த மொழிக்கு ஆதி ஸ்லாவியம்னு பேர். ஏறக்குறைய 1,500 வருஷத்துக்கு முன்னாடி பேசப்பட்ட மொழி. பேசினவங்க எதையும் எழுதி வைக்கல. ஸ்லாவிய மொழிக்கு எழுத்து வந்ததே 9ஆம் நூற்றாண்டுல, சிரில், மெத்தோடியஸ்னு ரெண்டு சகோதரர்கள் காலத்துலதான்.

ஒரு சொல்லுக்கு முன்னாடி நட்சத்திரம் போட்டா, 'இது எந்தக் கல்வெட்டுலயும் ஓலையிலயும் கிடைக்கல, மிஞ்சியிருக்கற மொழிகளை வெச்சு நாங்க கணக்குப் போட்டு எடுத்தது'ன்னு அர்த்தம். 19ஆம் நூற்றாண்டுல ஷ்லைஹர்ங்கற ஜெர்மன் அறிஞர் இந்த வழக்கத்தை நிலைநிறுத்தினார். நேர்மையான குறி அது. சான்று இருக்கறதையும் ஊகிச்சதையும் ஒரே தட்டுல வைக்காம பிரிச்சுக் காட்டுது.

என்னை மாதிரி கோட் எழுதறவங்களுக்கு இப்படிச் சொல்லலாம். ஒரு ரிப்போவுல ஆறு பிராஞ்ச் இருக்கு. எல்லாம் ஒரே கமிட்லேர்ந்து பிரிஞ்சது. ஆனா அந்தப் பழைய கமிட்டை யாரோ அழிச்சுட்டாங்க, லாகும் இல்ல. இப்போ ஆறு பிராஞ்சையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு, எது எதுல என்ன மாறியிருக்குன்னு பார்த்து, அந்தப் பொது கமிட் எப்படி இருந்திருக்கும்னு எடுக்கணும். கோட்ல ஒருத்தர் இஷ்டத்துக்கு எதையும் மாத்தலாம், தடயமே இருக்காது. மொழியில ஒலி மாறினா பெரும்பாலும் ஒழுங்கா மாறும். ஒரு சொல்லுல மாறின ஒலி, அதே சூழல்ல இருக்கற மத்த சொற்களிலும் மாறியிருக்கும். இந்த ஒழுங்குதான் மொழியியல் அறிஞர்கள் கையில இருக்கற ஒரே கருவி.

ஆறு தேனீக்கள்

இப்போ தேனீயைப் பார்ப்போம். ரஷ்யன்ல 'ப்ச்செலா'. செக்ல 'வ்ச்செலா'. போலிஷ்ல 'ப்ஷ்ச்சோவா'. உக்ரைனியன்ல 'ப்ஜோலா', இதுல ப-வை 'பஸ்'ல வர்ற மாதிரி சொல்லணும். செர்பியன்ல 'ப்ச்சேலா'. ஸ்லோவேனியன்ல 'ச்செபேலா'.

ஸ்லோவேனியன் தவிர மத்த எல்லாத்துலயும் முதல்ல ரெண்டு மெய் முட்டிக்கிட்டு நிக்குது. நடுவுல ஒரு உயிர் இருந்து விழுந்துருக்கணும்னு தோணுது இல்லையா? சரிதான். ஆதி ஸ்லாவியத்துல அங்கே ரொம்பக் குட்டையான ஒரு 'இ' இருந்தது. எவ்வளவு குட்டைன்னா, நமக்கு அதைப் புரிஞ்சுக்க ஏற்கனவே பேர் இருக்கு. பத்தாம் வகுப்புக்குள்ள குற்றியலுகரம், குற்றியலிகரம் படிச்சிருப்பீங்க. ஒரு மாத்திரையில பாதியாக் குறுகி ஒலிக்கற உ, இ. ஸ்லாவியத்துலயும் அதே மாதிரி ரெண்டு குறுகின உயிர் இருந்தது, ஒண்ணு இ வகை, ஒண்ணு உ வகை. பிற்காலத்துல பல இடங்கள்ல ரெண்டுமே காணாமப் போச்சு.

நடுவுல இருந்த உயிர் போனதும் 'பஸ்'ஸோட ப-வும் 'பச்சை'யோட ச்-சும் நேரா மோதுது. முதல் ஒலி தொண்டை அதிர வர்றது, ரெண்டாவது அதிராம வர்றது. சேர்த்துச் சொல்லிப் பாருங்க, நாக்கு தடுக்கும். ரஷ்யன் என்ன பண்ணிச்சு? முதல் ஒலியை ரெண்டாவதுக்குத் தகுந்த மாதிரி மாத்திச்சு, அதனால 'ப்ச்'. உக்ரைனியன் நேர்மாறா, ரெண்டாவதை முதலுக்குத் தகுந்த மாதிரி மாத்திச்சு, அதனால 'ப்ஜ்'. ஒரே பக், ரெண்டு டீம், ரெண்டு ஃபிக்ஸ். நாமளும் இதைப் பண்றோம். மரம் + கள் = மரங்கள். க-வுக்கு முன்னாடி நிக்கறதால ம் தன்னை ங்-ஆ மாத்திக்குது.

ஸ்லோவேனியன்தான் வேடிக்கை. ரெண்டு மெய்யையும் இடம் மாத்திப் போட்டுடுச்சு. ப-ச்ச இருந்தது ச்ச-ப ஆகி, நடுவுல புதுசா ஒரு எ. அந்த நடுக்கட்டத்துக்கு எழுத்துச் சான்றே இருக்கு. 1830ல ஸ்லோவேனியன்ல வர ஆரம்பிச்ச ஒரு கவிதை ஆண்டு மலரோட பேர்ல 'ச்பெலிட்சா'ன்னு வருது. 'குட்டித் தேனீ'ன்னு அர்த்தம். எ இன்னும் உள்ளே வரல, ஆனா இடமாற்றம் நடந்துடுச்சு.

ஒரு சொல்லுக்குள்ள எழுத்து இடம் மாறறது நமக்கும் புதுசில்ல. சதை, தசை. விசிறி, சிவிறி. இலக்கணப் புத்தகங்கள் இதுக்குக் கொடுக்கற இன்னொரு உதாரணம் என்ன தெரியுமா? 'ஞிமிறு, மிஞிறு.' ரெண்டுமே வண்டு, தேனீயைக் குறிக்கற பழந்தமிழ்ச் சொல். ஸ்லோவேனியாவுலயும் தமிழ்நாட்டுலயும் தேனீயோட பேர்லயே எழுத்து தடம் புரண்டிருக்கு. இது தற்செயல். ஆனா வாய் எப்படி வேலை செய்யுதுங்கறது எல்லா ஊர்லயும் ஒண்ணு.

இப்படி ஒவ்வொரு மாற்றத்தையும் பின்னாடி ஓட்டிக்கிட்டே போனா, ஆறும் ஒரு இடத்துல சந்திக்குது. அந்த இடம்தான் *பிச்செலா. பழைய ஸ்லாவியக் கையெழுத்துப் படிகள்ல முதல் உயிர் சில இடத்துல இ வகையாவும் சில இடத்துல உ வகையாவும் வருது. அதனால அந்த ஒரு உயிரைப் பத்தி மட்டும் இன்னும் சண்டை உண்டு. அந்தச் சண்டைக்குப் பின்னாடி வர்றேன்.

இதே வேலை நம்ம வீட்டுலயும் நடந்திருக்கு

இதை ஏதோ ஐரோப்பாக்காரங்க சமாச்சாரம்னு விட்டுட வேண்டாம். தமிழ், தெலுங்கு, கன்னடம் எல்லாம் தனிக் குடும்பம்னு 1816ல சென்னையில கலெக்டரா இருந்த எல்லிஸ் எழுதினார். கால்டுவெல்லோட ஒப்பிலக்கணம் வந்தது 1856ல. பரோ, எமனோ ரெண்டு பேரும் சேர்ந்து தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி 1961ல முதல் பதிப்பு, 1984ல திருத்தின பதிப்பு. எமனோ நீலகிரியில தோடர், கோத்தர் கூட உட்கார்ந்து அவங்க மொழியைக் கேட்டு எழுதினவர்.

திருச்சியில கன்னடமோ தெலுங்கோ வீட்டுல பேசற நண்பர் ஒருத்தராவது உங்களுக்கு இருப்பார். அவர்கிட்ட கேட்டுப் பாருங்க. நம்ம பால், கன்னடத்துல ஹாலு. பல், ஹல்லு. புலி, ஹுலி. பாம்பு, ஹாவு. நாலு சொல், ஒரே மாற்றம். சொல் முதல்ல வர்ற ப, கன்னடத்துல ஹ. தெலுங்குலயும் புலி, பாமுன்னு ப-தான் நிக்குது. அப்போ தாய்மொழியில ப இருந்தது, கன்னடம் மட்டும் மாத்திக்கிச்சுன்னு கணக்கு வருது. இந்தக் கணக்கைச் சரிபார்க்க ஒரு வழி இருக்கு. பழைய கன்னடக் கல்வெட்டைப் பார்த்தா, இந்தச் சொற்கள் அங்கே ப-வோடதான் இருக்கு. லாக் கிடைச்ச இடத்துல கணக்கு பாஸ் ஆகுது. லாக் இல்லாத இடத்துலயும் அதே கணக்கை நம்பறதுக்கு இதுதான் காரணம்.

"அப்போ கன்னடத்துல 'புஸ்தக' ஏன் 'ஹுஸ்தக' ஆகல?" நல்ல கேள்வி. அது வடமொழியிலேர்ந்து வந்த சொல். படிச்சவங்க மூல உச்சரிப்போடயே வெச்சுக்கிட்டாங்க. பாருங்க, விதிக்கு அடங்காத சொல்கூட ஒரு தகவல் சொல்லுது. நான் இந்த வீட்டுப் பிள்ளை இல்ல, விருந்தாளின்னு.

இப்போ தேனுக்கு வருவோம். தமிழ், மலையாளம் ரெண்டுலயும் தேன். தெலுங்குல தேனெ. கன்னடத்துல ஜேனு. ஜார்க்கண்ட் பக்கம் பேசற குருக் மொழியில 'தீனி'. அங்கே அது தேனுக்கு இல்ல, தேனீக்கே பேர். கன்னட ஜேனுவுல மட்டும் த எப்படி ஜ ஆச்சு? தனியாப் பார்த்தா சந்தேகம் வரும். பக்கத்துல இன்னொரு கொட்டற ஜீவனை வைங்க. நம்ம தேள், தெலுங்குல தேலு, கன்னடத்துல சேளு. ரெண்டுமே 'தே'ல ஆரம்பிக்கற சொல். ரெண்டுலயும் கன்னட நாக்கு பல்லை விட்டு அண்ணத்துப் பக்கம் நகர்ந்திருக்கு. ஒண்ணு ஜ, இன்னொண்ணு ச, ஆனா நகர்ந்த திசை ஒண்ணுதான். இதையெல்லாம் சேர்த்துத்தான் திராவிட மொழியியல்காரங்க நட்சத்திரம் போட்டு *தேன்னு எழுதறாங்க. அவ்வளவு ஆயிரம் வருஷத்துக்கு அப்புறமும் நம்ம வாயில அது அப்படியே இருக்கு.

குட்டிப் பேர் எப்படி நிரந்தரப் பேர் ஆகுது?

அகராதியில 'சிறுமைப் பெயர்'னு இருந்ததே, அதுக்கு வருவோம். சிறுமைப் பெயர்னா ஒரு பொருளைச் சின்னதா, செல்லமா சொல்றது. *பிச்செலாவை உடைச்சா, 'பி'ங்கறது தேனீ. இங்கிலீஷ் 'பீ', லித்துவேனியன் 'பிதே' எல்லாம் அதே வேர். பின்னாடி வர்ற '-செலா' செல்லம் கொஞ்சற விகுதி. ஆக மொத்தம் 'தேனீக்குட்டி'. பெரும்பாலானவங்க சொல்றது இது. அந்த முதல் உயிர் உ வகைன்னு சொல்றவங்க, இது செல்லப் பேரே இல்ல, ஒலிக்குறிப்பு, ங்கொய்ய்னு ரீங்காரம் பண்றதுலேர்ந்து வந்ததுன்னு வாதாடறாங்க. ஒரு அரை மாத்திரை உயிர்ல ஒரு சொல்லோட பிறப்பே மாறுது.

தேனீயைக் குட்டியாக் கூப்பிட்டவங்க ஸ்லாவியர்கள் மட்டும் இல்ல. லத்தீன்ல தேனீ 'அபிஸ்'. சின்னத் தேனீ 'அபிகுலா'. இன்னைக்கு ஸ்பானிஷ்ல தேனீ 'அபேஹா', பிரெஞ்சுல 'அபெய்'. ரெண்டும் அபிஸ்லேர்ந்து வரல, அபிகுலாவிலேர்ந்து வந்தது. பெரிய தேனீயைக் காட்டினாலும் அவங்க சொல்றது 'குட்டித் தேனீ'தான்.

ஏன் இப்படி? 1918ல ஜில்லியேரோன்ங்கற மொழியியலாளர், பிரெஞ்சு வட்டார வழக்குகள்ல தேனீக்கு இருக்கற பேர்களை மட்டுமே எடுத்து ஒரு தனிப் புத்தகம் எழுதினார். அவர் பார்த்தது இது. வடக்கு பிரான்ஸ்ல அபிஸ் தேய்ஞ்சு தேய்ஞ்சு கடைசியில ஏறக்குறைய ஒரே உயிரொலி ஆயிடுச்சு. அவ்வளவு சின்னச் சொல் பேச்சு வேகத்துல காதுல நிக்காது. அதனால மக்கள் சதைப்பிடிப்பான வேற சொல்லைத் தேடினாங்க. குட்டிப் பேர் நீளமா இருந்ததால அது பிழைச்சுது.

இப்போ நம்ம சொல்லைப் பாருங்க. 'ஈ'. ஒரே எழுத்து. ஓரெழுத்து ஒருமொழி. கொடுன்னு சொல்றதுக்கும் அதே ஈ. பல்லைக் காட்டினாலும் ஈ. தெலுங்குல ஈக, ராஜமௌலியோட 2012 படத்துப் பேர் அதுதான். நமக்கு அது 'நான் ஈ'ன்னு வந்தது. மலையாளத்துல ஈச்ச. பக்கத்து வீட்டுக்காரங்க கையில கொஞ்சம் சதை இருக்கு, நம்ம கையில எலும்பு மட்டும்தான். ஆனா தேனீக்கு நாம தனி ஏற்பாடு பண்ணிட்டோம். தேன் + ஈ. செல்ல விகுதி போடாம, இன்னொரு சொல்லைக் கொண்டுவந்து ஒட்ட வெச்சோம். சின்னதுன்னு சொல்லணும்னாலும் அதே வழிதான். மலையில, உயரமான கட்டடத்துல பெரிய அடை கட்டறது மலைத்தேனீ. செடிக்கிளையில சின்ன அடை கட்டறது கொம்புத்தேனீ. பெட்டியில வளர்க்கற நம்ம ஊர் வகை அடுக்குத்தேனீ. எல்லாத்துலயும் பொடிசா, கொடுக்கு இல்லாம, சுவர் விரிசல்ல கூடு கட்டற வகைக்கு கொசுத்தேனீ. அங்கே சிறுமை விகுதி வேலையைச் செய்யறது கொசு!

அப்போ தமிழ்ல ஒரு குட்டிப் பேர் நிரந்தரப் பேரா மாறினதே இல்லையா? இருக்கு. கீரிப்பிள்ளை. வயசாகி நரைச்ச கீரியா இருந்தாலும் கீரிப்பிள்ளைதான். அணில்பிள்ளையும் அப்படியே. தொல்காப்பிய மரபியல் குட்டி, கன்று, குருளை, பிள்ளைன்னு இளமைப் பெயர் ஒன்பதை வரிசைப்படுத்தி, எந்த உயிருக்கு எது பொருந்தும்னும் சொல்லுது. அதுல அணிலுக்குக் கிடைச்சது 'குட்டி'. 'பிள்ளை' பறவைக்குச் சொல்லப்பட்டது. பிற்காலத்துல பிள்ளை அணில் மேல ஏறி உட்கார்ந்துடுச்சு, வயசுக் கணக்கையும் விட்டுடுச்சு. ஸ்லாவியத் தேனீக்கு நடந்தது இதேதான். செல்லமாக் கூப்பிட ஆரம்பிச்சாங்க, கூப்பிட்டுக் கூப்பிட்டு செல்லம் தேய்ஞ்சு போச்சு, பேர் மட்டும் நின்னுடுச்சு.

செல்லம் தேய்ஞ்சா என்ன பண்ணுவாங்க? புதுசா இன்னொண்ணு ஒட்டுவாங்க. ரஷ்யன்ல இன்னைக்குக் குட்டித் தேனீன்னு சொல்லணும்னா 'ப்ச்சோல்கா'. பழைய செல்ல விகுதி உள்ளே மறைஞ்சிருக்கு, அது மேல புது விகுதி. திருச்சிக்காரங்களுக்கு இதுக்கு உதாரணம் தேட வேண்டியதில்ல, தலையைத் தூக்கினாலே தெரியும். மலைக்கோட்டை உச்சியில இருக்கறவர் பேர் பிள்ளையார். பிள்ளை + ஆர். குழந்தைப் பேருக்கு மரியாதை விகுதி. பேர்ல பிள்ளை இருக்கறது யாருக்கும் தோணாததாலதான் கடையில போய் 'குட்டிப் பிள்ளையார் ஒண்ணு கொடுங்க'ன்னு கேட்கறோம்.

ஆத்தோட போன ஏடு

பிள்ளைன்னதும் ஸ்ரீரங்கத்தைத் தாண்ட முடியாது. 13ஆம் நூற்றாண்டு ஸ்ரீரங்கத்து வைணவ ஆசாரியர்கள் பேரைப் பாருங்க. நம்பிள்ளை, பெரியவாச்சான் பிள்ளை, வடக்குத் திருவீதிப் பிள்ளை, அவர் மகன் பிள்ளை லோகாசாரியர். ஊரே கும்பிட்ட அறிஞர்களுக்குப் பேர் 'பிள்ளை'. இதுல நம்பிள்ளைக்கு அந்தப் பேர் வந்த கதை நம்ம விஷயத்துக்கு ரொம்ப நெருக்கம்.

குருபரம்பரைக் கதை சொல்றது இது. நஞ்சீயர் திருவாய்மொழிக்கு ஒன்பதினாயிரப்படின்னு ஒரு உரை எழுதினார். அதை நல்ல கையெழுத்துல படியெடுக்க வரதராஜர்ங்கற இளைஞர்கிட்ட கொடுத்தார். அவர் ஏட்டைத் தலையில வெச்சுக்கிட்டு காவிரியைக் கடக்கறப்போ வெள்ளம் அடிச்சுட்டுப் போயிடுச்சு. வேற பிரதி இல்ல. வரதராஜர் உட்கார்ந்து, குருகிட்ட கேட்டதை நினைவிலேர்ந்து முழுசா எழுதினார். சில இடத்துல தனக்குத் தோணின நயங்களும் சேர்ந்துடுச்சு. நஞ்சீயர் படிச்சுட்டு, இது நாம எழுதினதை விட நல்லா இருக்கேன்னு விசாரிச்சு, நடந்ததைக் கேட்டதும் கட்டிக்கிட்டு 'நம் பிள்ளை'ன்னு கூப்பிட்டாராம். அதுவே பேராச்சு.

எனக்கு இந்தக் கதையில பிடிச்சது ரெண்டு. ஒண்ணு, ஒரு செல்ல அழைப்பு நம்ம கண்ணு முன்னாடியே நிரந்தரப் பேரா மாறுது. இன்னொண்ணு, மீட்டெடுக்கறவரோட கை மீட்டெடுத்ததுல தெரியும்ங்கறது. ஆத்தோட போன மூல ஏட்டையும் புதுசையும் பக்கத்துல வெச்சுப் பார்க்க இனிமே வழி இல்ல. நட்சத்திரச் சொற்களுக்கும் இதே எச்சரிக்கைதான். 1868ல ஷ்லைஹர், ஆதி இந்தோ ஐரோப்பிய மொழியிலேயே, ஒரு செம்மறியாடும் சில குதிரைகளும் பேசற ஒரு குட்டிக் கதையை எழுதினார். அதுக்கப்புறம் வந்தவங்க அதே கதையைத் திரும்பத் திரும்ப வேற உச்சரிப்புல திருத்தி எழுதிட்டாங்க. கதை ஒண்ணு, சொற்கள் ஒவ்வொரு தலைமுறைக்கும் மாறுது. அதனால *பிச்செலாவை 'அன்னைக்கு ஒருத்தர் இப்படியேதான் சொன்னார்'னு எடுத்துக்கக் கூடாது. 'இப்போ இருக்கற சான்றுக்கு இதுதான் பொருந்துது'ன்னு எடுத்துக்கணும். புதுச் சான்று வந்தா வெர்ஷன் மாறும்.

சரி, பீயும் ஈயும்?

இப்போ உறையூர்த் தம்பியோட முதல் கேள்வி. ஒரு எளிய சோதனை சொல்றேன். ரெண்டு சொல் உண்மையிலேயே உறவுன்னா, காலத்துல பின்னாடி போகப் போக ரெண்டும் நெருங்கணும். விலகினா, இன்னைக்குக் கேட்கற ஒற்றுமை தற்செயல்.

ப்ச்செலா, பூச்சி. இன்னைக்கு ரெண்டுலயும் ப, ச. ஆனா ரஷ்யன்ல அந்த ப ஆரம்பத்துல 'பஸ்' ப. அது 'ப்' ஆனது நடுவுல உயிர் விழுந்த பிறகு. அந்த உயிரும் ஊ இல்ல, குட்டி இ. கடைசியில '-எலா'ன்னு ஒரு துண்டு கணக்குல வராம நிக்குது. பின்னாடி போகப் போக விலகுது. ஃபெயில்.

பீ, ஈ. இங்கிலீஷ்ல ஆயிரம் வருஷம் பின்னாடி போனா 'பேயோ'. லித்துவேனியன் பிதே. அந்தப் பக்கம் எவ்வளவு தூரம் போனாலும் முதல் மெய் கூடவே வருது. இந்தப் பக்கம் ஈ, ஈக, ஈச்ச. ப-வோட தடயமே எதுலயும் இல்ல. நமக்கு வசதியா இருக்குன்னு ஒரு 'ப்' சேர்த்துக்கலாம்னா, நாளைக்கு 'ட்' சேர்த்து டீ-யும் ஈ-தான்னு சொல்லலாம். விதி இல்லாம ஒட்டினா எதையும் எதோடயும் ஒட்ட முடியும். ஃபெயில்.

ஆனா இதே தேனீக் குடும்பத்துல ஒரு சோதனை பாஸ் ஆகும், அதுதான் சுவாரசியம். ரஷ்யன்ல தேன் 'மியோத்'. லித்துவேனியன்ல 'மெதுஸ்'. இங்கிலீஷ்ல தேனைப் புளிக்க வெச்ச பானம் 'மீட்'. சமஸ்கிருதத்துல 'மது'. இதெல்லாம் பின்னாடி போகப் போக ஒரே இடத்துக்கு வருது. அந்த மது நமக்கும் வந்து, இன்னைக்குத் தெருமுனைப் போர்டுல தொங்குது. அதே சொல் கிழக்கேயும் போச்சு. மத்திய ஆசியாவுல தோக்காரியன்னு ஒரு மொழி இருந்தது, இப்போ இல்ல. அது வழியாத்தான் சீனத்துக்கு தேனைக் குறிக்கற 'மீ' கிடைச்சுதுன்னு பொதுவா ஏத்துக்கறாங்க. அதாவது ரஷ்யக் குழந்தை ரொட்டியில தடவிக்கற தேனும், நம்ம ஊர் மதுக்கடைப் போர்டும் உறவு. காதுக்கு ஒட்டுற பீ-ஈ உறவு இல்ல, ஒட்டவே ஒட்டாத மியோத்-மது உறவு.

இதைச் சொன்னா 'தமிழோட பெருமையைக் குறைக்கறீங்களா?'ன்னு கமென்ட் வரும். என் பதில் இதுதான். தேன்ங்கற சொல் தமிழ்ல, மலையாளத்துல அப்படியே இருக்கு, கன்னடத்துல ஜேனு, எங்கேயோ ஜார்க்கண்ட்ல தீனி. ஒரு விதியும் மீறாம எல்லாம் ஒரு புள்ளியில சேருது. சோதனைக்கு நிக்கற இந்த உண்மையே போதுமான அளவு பெருசு. அது பக்கத்துல ஒரு போலி உறவைக் கொண்டுபோய் வெச்சா, கேட்கறவர் ரெண்டையும் சேர்த்துத் தூக்கிப் போட்டுடுவார். அதுல நஷ்டம் நமக்குத்தான்.

இன்னொரு நஷ்டமும் இருக்கு, அதுதான் எனக்குப் பெருசாத் தெரியுது. இந்தக் கணக்கு எல்லாத்துக்கும் டேட்டா, பேசற மனுஷங்க. தோடர்கள் ஏறக்குறைய ரெண்டாயிரம் பேர்தான். குருக் பேசறவங்க பிள்ளைகள் பள்ளிக்கூடத்துல இந்தி படிக்கறாங்க. எழுத்து இல்லாம, பெரிய இலக்கியம் இல்லாம இருக்கற மொழிதான் பல நேரம் பெரிய மொழிகள் தொலைச்ச ஒலியை வெச்சுக்கிட்டு இருக்கும். அது போச்சுன்னா ஒரு பிராஞ்ச் போச்சு. அதுக்கப்புறம் நாம போடற நட்சத்திரம் இன்னும் கொஞ்சம் மங்கலாத்தான் இருக்கும். தமிழோட பழைய வடிவம் தெரியணும்னு ஆசைப்படறவங்க முதல்ல கவலைப்பட வேண்டியது தோட மொழிக்காக.

இந்த வாரத்துக்கு ஒரு வேலை. பரோ-எமனோ அகராதியை சிகாகோ பல்கலைக்கழகத் தளத்துல இலவசமாத் தேடலாம். வீட்டுல தினம் புழங்கற சொல் மூணு எடுங்க. கண், பல், நீர், எதுவா இருந்தாலும் சரி. நம்ம குடும்பத்து மொழிகள்ல அது எப்படி இருக்குன்னு பாருங்க. கன்னடமோ தெலுங்கோ பேசற நண்பர்கிட்ட உச்சரிச்சுக் காட்டச் சொல்லுங்க. ஒரு ஒழுங்கு கண்ணுல பட்டா, அதே ஒழுங்கு இன்னொரு சொல்லுலயும் வருதான்னு சோதிச்சுட்டு எனக்கு வாய்ஸ் நோட் அனுப்புங்க. ஒரு சொல் போதாது, குறைஞ்சது ரெண்டு வேணும். தேன் மட்டும் இருந்தா சந்தேகம்தான். தேளும் வந்தப்போதான் நம்பினோம்.

அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.